உள்ளத்தின் நோயும் உடலின் கலக்கமும்



சொந்த ஊரை விட்டுத் தொலைவில் வாழும் நம் அனைவருக்கும் பொதுவான அச்சம் ஒன்று உண்டு. நள்ளிரவில் தொலைபேசி மணி அடிக்கிறது. அழைப்பவர் ஊரிலுள்ள அண்ணன் என்று தெரிகிறது. எடுத்துப் பேசுவதற்கு முன்னரே நெஞ்சு படபடக்கிறது, நாக்கு வறண்டு போகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வயிற்றை ஏதோ கலக்குகிறது. அண்ணனோ, "தெரியாமல் கை பட்டுவிட்டது, நீ தூங்கு" என்கிறார். செய்தி ஒன்றுமில்லை. ஆயினும் நெஞ்சின் படபடப்பு அடங்கச் சிறிது நேரம் ஆகிறது. போன தூக்கம் திரும்புவதற்கு அதனினும் அதிக நேரம் ஆகிறது.

இந்தச் சிறு நிகழ்ச்சியில் இரண்டு செயல்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, நெருக்கடி வந்தவுடன் உடல் கிளர்ந்து எழுவது. மற்றொன்று, நெருக்கடி நீங்கியவுடன் அது அடங்குவது. எழுவதை நாம் உடனே கவனிக்கிறோம். அடங்குவதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. மனநோயுற்றவர்களின் உடல் நெருக்கடியை எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதை அறிய விரும்பினால், எழுவதைக் காட்டிலும் அடங்குவதையே நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும்.

உள்ளத்தில் நிகழ்வது உடலில் தோன்றும் என்பது தமிழர்க்குப் புதிய செய்தி அன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் இருக்கிறது. நம் அன்றாடப் பேச்சும் அவ்வாறே. அஞ்சினான் என்று சொல்லாமல் கைகால் உதறிற்று என்கிறோம். துயருற்றாள் என்று சொல்லாமல் வயிறு எரிகிறது என்கிறோம். மொழி அறிந்திருந்த இந்த உண்மையின் உட்பொறியைக் கடந்த நூறு ஆண்டுகளில் விஞ்ஞானம் விளக்கிக் காட்டியிருக்கிறது.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்ட்டர் கேனன் என்பவர், வலி, பசி, அச்சம், சினம் ஆகியவற்றால் உடலில் விளையும் மாறுதல்களைப் பற்றி 1915-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். ஆபத்தைக் கண்ட உயிர், எதிர்த்துப் போரிடவோ தப்பி ஓடவோ ஒரு நொடியில் ஆயத்தமாகிறது என்று அவர் காட்டினார். நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத நரம்புகள் இருதயத்தை விரைவுபடுத்துகின்றன. சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள், அட்ரினலின் என்னும் பொருளை இரத்தத்தில் கலக்கின்றன. குடலின் வேலை தடைப்படுகிறது. இது விரைவான வழி.

மெதுவான வழி ஒன்றும் உண்டு. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பிக்குக் கட்டளை அனுப்புகிறது. பிட்யூட்டரி அதனை அட்ரினல் சுரப்பிக்கு அனுப்புகிறது. அட்ரினல் சுரப்பியின் புறப்பகுதி கார்ட்டிசோல் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. கார்ட்டிசோல், உடலின் சேமிப்பிலிருந்து சர்க்கரையை எடுத்துக் கொடுக்கிறது, அழற்சியைக் கட்டுப்படுத்துகிறது. நெருக்கடி இல்லாத நாளிலும் அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. நள்ளிரவை ஒட்டி மிகக் குறைந்திருக்கும். விடியலை நோக்கி உயரும். விழித்தெழுந்த அரைமணி அளவில் உச்சத்தை அடைந்து, பின்னர்ப் படிப்படியாகக் குறையும்.

இந்த அமைப்பின் சிறப்பு, அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்வது. மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் நிறைந்ததும் மிதவை உயர்ந்து குழாயை அடைத்துவிடுகிறது. அவ்வாறே இரத்தத்தில் கார்ட்டிசோல் பெருகியதும், அந்தக் கார்ட்டிசோலே மூளைக்குத் திரும்பிச் சென்று "போதும், நிறுத்து" என்று சொல்லிவிடுகிறது. நள்ளிரவில் எழுந்த நம் நெஞ்சு மீண்டும் அமைதியுறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மனநோய்களில் நிகழ்வது என்ன? பலரும் நினைப்பதுபோல, எல்லா மனநோயிலும் உடல் ஒரே வகையில் அளவுக்கு மீறிக் கலங்குகிறது என்பது சரியன்று. ஒரு நோயில் மிதவை தளர்ந்துவிடுகிறது, மற்றொன்றில் இறுகிவிடுகிறது, இன்னொன்றில் கலக்கம் வெளியில் தெரிவதே இல்லை.

முதலில் மனச்சோர்வு நோயை எடுத்துக்கொள்வோம். இது சில நாள் வருத்தம் அன்று. வாரக்கணக்கில் விருப்பம், ஊக்கம், பசி, தூக்கம் ஆகியவற்றைக் கெடுக்கும் நோய். இதில் கடுமையாகத் துன்புறுவோர் பலருக்குக் கார்ட்டிசோல் மிகுந்திருப்பதும், இரவில் குறைய வேண்டிய அளவு குறையாதிருப்பதும் காணப்பட்டன. டெக்சாமெத்தசோன் என்னும் மருந்து கார்ட்டிசோலைப் போன்றது. அதனை இரவில் கொடுத்தால், நலமுள்ளவரின் மூளை ஏமாந்து, மறுநாள் சுரப்பைக் குறைத்துவிடும். கடுமையான மனச்சோர்வு உடையவர்களில் பலருக்கு அவ்வாறு குறையவில்லை என்று பெர்னார்டு கேரலும் அவருடைய தோழர்களும் 1981-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தனர். நோயைக் கண்டறிய இது ஓர் உறுதியான சோதனையாகும் என்று அப்போது நம்பப்பட்டது. வேறு பல நிலைகளிலும் அதே விளைவு காணப்பட்டதால் அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. ஆயினும் அது தந்த பாடம் நிலைத்தது. ஆறுதல் சொன்னபின்னும், நல்ல செய்தி வந்தபின்னும் இவர் தேறவில்லையே என்று நாம் வியக்கிறோம். அவர் மனம் பிடிவாதம் பிடிக்கவில்லை. அவருடைய உடலுக்கு "போதும்" என்ற சொல் கேட்கவில்லை.

பேரதிர்ச்சியைத் தொடர்ந்து வரும் மனநோய் வேறு வகையானது. போர், வன்முறை, விபத்து, பெருவெள்ளம் முதலியவற்றைக் கண்டவர்களிடம் இது தோன்றுகிறது. 1980-ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப்பட்டியலில் தனிப்பெயர் பெற்றது. இவர்களுக்கும் கார்ட்டிசோல் மிகுந்திருக்கும் என்றுதான் ஆராய்ச்சியாளர் எதிர்பார்த்தனர். பல ஆய்வுகளில் அது குறைந்தே காணப்பட்டது. எல்லா ஆய்வுகளும் இதில் ஒத்துப்போகவில்லை எனினும், இவர்களில் பலருக்கு மிதவை தளர்வதற்குப் பதில் இறுகிவிடுகிறது என்பது தெரிந்தது. அதே வேளையில் விரைவான வழியாகிய நரம்பும் அட்ரினலினும் விறைத்தே நிற்கின்றன. பட்டாசு வெடித்தால் மற்றவர் திரும்பிப் பார்ப்பர்; இவர் நிலைகுலைந்து போவார்.

திடீர்ப் பீதி நோயிலோ, உடலே முன்னே ஓடுகிறது. காரணம் எதுவும் இல்லாமல், சில நிமிடங்களுக்குள் மூச்சு திணறி, மார்பு இறுகி, உயிர் போய்விடும் என்ற அச்சம் உச்சத்துக்கு வருகிறது. மருத்துவமனையில் இருதயத்தைச் சோதித்து "ஒன்றுமில்லை" என்கிறார்கள். மார்புவலி வந்தால் இருதயத்தைச் சோதிப்பது இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆனால் "ஒன்றுமில்லை" என்ற சொல்லோடு வீடு திரும்புவது பாதி வழியில் நிற்பதாகும். இருதயம் பழுதுபடவில்லை, ஆயினும் அபாய மணி பொய்யாக அடித்தது உண்மை. அதற்கும் மருந்து உண்டு, பயிற்சி உண்டு.

இனி மனச்சிதைவு நோய்க்கு வருவோம். நம் வீடுகளில் மிகுதியாகத் தவறாக எண்ணப்படுவது இதுவே.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். தில்லியிலோ மும்பையிலோ நான்காம் மாடியில் இரண்டு அறைகள். தந்தை அலுவலகம் செல்பவர்; தாய் வீட்டில். இருபத்து நான்கு வயது மகன் ஒருமுறை மருத்துவமனையில் இருந்து வந்தவன். இல்லாத குரல்கள் அவனுக்குக் கேட்டன. இப்போது மாத்திரையால் அவை குறைந்திருக்கின்றன. ஆனால் அவன் சன்னலோரம் உட்கார்ந்தே இருக்கிறான். முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. "இத்தனை சொல்கிறேனே, உனக்கு உறைக்கவே இல்லையா? கல்லாய் உட்கார்ந்திருக்கிறாயே" என்று தாய் குமுறுகிறாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்குமோ என்ற அச்சத்தில் குரலைத் தாழ்த்துகிறாள். தாழ்த்திய குரலில் கசப்பு இன்னும் மிகுகிறது.

அவனுக்கு உறைக்கவில்லையா? இந்தக் கேள்விக்கு ஆராய்ச்சி விடை கண்டிருக்கிறது. நாம் கலங்கும்போது உள்ளங்கையிலும் விரல்களிலும் நுண்ணிய வியர்வை சுரக்கிறது. அதனால் தோலில் மின்சாரம் பாயும் தன்மை மாறுகிறது. இதனை ஒரு கருவியால் வலியின்றி அளக்கலாம். அமெரிக்காவில் ஆன் கிரிங், ஜான் நீல் என்னும் இருவர் 1996-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், மனச்சிதைவு உடையவர்களுக்கும் நலமுள்ளவர்களுக்கும் உணர்ச்சியைத் தூண்டும் திரைப்படக் காட்சிகள் காட்டப்பட்டன. நோயுற்றவர்களின் முகத்தில் உணர்ச்சி குறைவாகவே தோன்றிற்று. ஆனால் அவர்கள் உணர்ந்ததாகச் சொன்ன உணர்ச்சி மற்றவர்களுக்குக் குறைந்ததன்று. அவர்களுடைய தோலின் கலக்கமோ மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது.

முகம் கல்லாக இருந்தது. உடல் கல்லாக இல்லை.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பலர்முன் பேசுதல் போன்ற நெருக்கடிகளில், மனச்சிதைவு உடையவர்களின் கார்ட்டிசோல் நலமுள்ளவர்களுடையதைப் போல் உயர்வதில்லை என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே முகத்தை மட்டுமன்று, ஏதேனும் ஓர் அளவை மட்டும் வைத்துக்கொண்டும் "இவருக்குத் துன்பமில்லை" என்று முடிவு செய்வது தவறு.

அந்தத் தாயின் குரல் மகனின் உடலில் என்ன செய்கிறது? இதற்கு இங்கிலாந்தில் நடந்த நீண்ட ஆராய்ச்சி ஒன்று விடை தருகிறது. ஜார்ஜ் பிரவுன் என்னும் சமூகவியல் அறிஞர், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நோயாளிகள் சிலருக்கு மட்டும் நோய் ஏன் விரைவில் திரும்புகிறது என்று ஆராய்ந்தார். நோயாளியைப் பற்றி வீட்டார் பேசும் முறையில் மூன்றைக் கவனித்தார்: குறை கூறுதல், பகைமை காட்டுதல், அளவு கடந்து கவலைப்பட்டு எல்லாவற்றிலும் தலையிடுதல். 1972-ஆம் ஆண்டில் அவரும் தோழர்களும் வெளியிட்ட முடிவின்படி, இவை மிகுந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களில் 58 விழுக்காட்டினருக்கு ஒன்பது மாதங்களுக்குள் நோய் திரும்பிற்று. இவை குறைந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களில் 16 விழுக்காட்டினருக்கே திரும்பிற்று. 1976-ஆம் ஆண்டில் கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப் ஆகியோர் இரண்டு செய்திகளை எடுத்துக்காட்டினர். அத்தகைய உறவினரோடு வாரத்தில் 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருக்க நேர்ந்தால் ஆபத்து மிகுகிறது. மாத்திரையை ஒழுங்காக உண்பது அந்த ஆபத்தைப் பெரிதும் குறைக்கிறது.

1979-ஆம் ஆண்டில் நிக்கோலஸ் டாரியரும் தோழர்களும் நோயாளிகளின் வீட்டுக்கே கருவியை எடுத்துச் சென்றனர். விரல்களில் கம்பியைப் பொருத்தி, முதலில் உறவினர் இல்லாமலும், பிறகு உறவினர் அறைக்குள் வந்தபின்னும் அளந்தனர். புதியவர்களும் கருவியும் வந்திருப்பதால் தொடக்கத்தில் எல்லாருடைய உடலும் கலங்கியிருந்தது. நிதானமுள்ள உறவினர் உள்ளே வந்து அமர்ந்ததும் நோயாளியின் கலக்கம் தணிந்தது. குறைகூறும் இயல்பு மிகுந்த உறவினர் வந்தபோது அது தணியவில்லை; உயர்ந்த நிலையிலேயே நின்றது.

நேயர்களே, இதன் பொருளைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். நல்ல உறவினர் என்ன செய்தார்? பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. உள்ளே வந்து அமர்ந்தார். தானாக அடங்க இயலாத உடல், வேறோர் உடலின் அமைதியைத் துணைக்கொண்டு அடங்கிற்று.

நம் நாட்டிலும் இந்த ஆராய்ச்சி நடந்தது. சண்டிகரில் டாக்டர் என். என். விக் முதலியோர், லண்டன் ஆராய்ச்சியாளருடன் சேர்ந்து இதே முறையில் குடும்பங்களை ஆராய்ந்து, 1987-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். குறைகூறலும் பகைமையும் மிகுந்த குடும்பங்கள் லண்டனைவிட அங்கே குறைவு. நகரத்தைவிடச் சுற்றியுள்ள கிராமங்களில் இன்னும் குறைவு. இது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியே. ஆனால் பெருமை கொண்டு நின்றுவிடலாகாது. ஊரில் ஒருவர் கடிந்தால் தேற்றுவதற்குப் பாட்டி இருப்பாள். போய் உட்காரத் திண்ணை இருக்கும். அத்தை வீடு அடுத்த தெருவில் இருக்கும். வேற்று மாநிலத்தில் இரண்டு அறைக்குள் மூன்று பேர் வாழும்போது, 35 மணி நேரம் என்பது மூன்று நாளில் கழிந்துவிடும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். வீட்டாரின் பேச்சால் மனச்சிதைவு உண்டாவதில்லை. தாயின் வளர்ப்பே காரணம் என்று ஒரு காலத்தில் சொல்லித் தாய்மாரைப் புண்படுத்தினார்கள், அக்கருத்து கைவிடப்பட்டுவிட்டது. நோய்க்குக் காரணம் வேறு. நோயின் போக்கை மாற்றுவது வேறு. குமுறும் தாய் கெட்டவள் அல்லள்; களைத்தவள். அவளுடைய உடலும் நெருக்கடியில் இருக்கிறது. அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் நடந்து 1995-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு நினைவுகூரத்தக்கது. மறதி நோயுற்ற உறவினரைப் பேணிவந்த பெண்களின் கையில் செய்த மிகச் சிறிய புண், அத்தகைய சுமை இல்லாத பெண்களின் புண்ணைவிட ஆறுவதற்கு ஏறத்தாழ ஒன்பது நாள் அதிகம் எடுத்துக்கொண்டது. பேணுபவரின் புண்ணும் ஆறுவதற்கு ஓய்வு வேண்டும். ஆகவே வாரத்தில் ஓர் அரைநாளாவது அந்தத் தாய் கோயிலுக்கோ கடைத்தெருவுக்கோ தோழியின் வீட்டுக்கோ சென்று வருவது ஆடம்பரம் அன்று. மகனுக்கான மருத்துவத்தின் ஒரு பகுதி.

வேறு என்ன செய்யலாம்? உறங்கும் நேரத்தையும் விழிக்கும் நேரத்தையும் ஒழுங்காக வைத்துக்கொள்ளலாம். கார்ட்டிசோலின் நாள்முறை தூக்கத்தோடு பிணைந்தது. ஒரே நேரத்தில் பலர் பேசாமல், ஒருவர், ஒரு செய்தியை, சுருக்கமாகச் சொல்லலாம். "சோம்பேறி" என்பதற்குப் பதிலாக "இந்தத் தம்ளரைக் கழுவித் தா, அப்பா" என்று செய்யக்கூடிய சிறு வேலையைக் கேட்கலாம். அவன் தனித்திருக்க விரும்பும் நேரத்தில் விட்டுவிடலாம். பெங்களூரிலுள்ள நிமான்ஸ் நிறுவனத்திலிருந்து 2013-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், யோகப் பயிற்சி செய்த மனச்சோர்வு நோயாளிகளின் கார்ட்டிசோல் குறைந்தது காணப்பட்டது. இவையெல்லாம் மருந்துக்குத் துணை. மருந்துக்கு மாற்று அல்ல. மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்துதல் கூடாது.

உடலைப் பற்றிப் பேசும்போது மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். கடுமையான மனநோயுடையோர் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது ஆண்டுகள் முன்னதாகவே இறக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பெரும்பாலும் அவர்களைக் கொண்டுபோவது இருதய நோய் முதலிய, தடுக்கக்கூடிய உடல்நோய்களே. ஓயாத நெருக்கடி, புகைபிடித்தல், நடமாட்டக் குறைவு, சில மருந்துகளால் ஏறும் எடையும் சர்க்கரையும் ஆகிய யாவும் இதில் சேருகின்றன. மனநோயாளி "மார்பு வலிக்கிறது" என்றால் அதுவும் நோயின் பேச்சு என்று ஒதுக்கிவிடுகிறோம். அவ்வாறு ஒதுக்கலாகாது. எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகிய மூன்றையும் அவ்வப்போது பார்த்துவரச் செய்தல் வீட்டாரின் கடமை.

வேற்று மாநிலத்தில் வாழ்வோர்க்குத் தனியே ஓர் இடர்ப்பாடு உண்டு. துன்பத்தை நாம் தாய்மொழியில்தான் உணர்கிறோம். "வயிற்றைக் கலக்குகிறது" என்பதை இந்தியிலோ மராத்தியிலோ சொல்லுக்குச் சொல் மாற்றிச் சொன்னால், மருத்துவர் வயிற்றுக்கே மருந்து தருவார். ஆகவே அதனோடு "பயமாக இருக்கிறது, தூக்கம் இல்லை, மனம் சோர்ந்திருக்கிறது" என்பதையும் சேர்த்துச் சொல்லப் பழகுதல் வேண்டும். மத்திய அரசு 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவி, 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. தமிழ் உள்ளிட்ட 20 மொழிகளில் பேசலாம். நிமான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய 2015-16-ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் குறைவு இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை பெறாதவர்கள். எனவே மூடிய கதவுக்குப் பின்னால் நாம் மட்டும் இந்தத் துயரோடு இருக்கிறோம் என்று எவரும் எண்ண வேண்டியதில்லை.

நான்காம் மாடி வீட்டுக்கு மீண்டும் ஒருமுறை செல்வோம். மகன் சன்னலோரம் இருக்கிறான். தாய் உள்ளே வருகிறாள். இன்று ஒன்றும் கேட்கவில்லை. அவன் பக்கத்தில் அமர்ந்து கீரையை ஆய்கிறாள். அவன் முகம் மாறவில்லை. நாளையே அவன் வேலைக்குப் போய்விடுவான் என்றும் நாம் சொல்வதற்கில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில், அவனுடைய விரல் நுனிகளில், வியர்வை சற்றே உலரத் தொடங்குகிறது. அவனுக்கு உறைக்கிறது, அம்மா. உங்கள் கசப்பு உறைத்தது போலவே உங்கள் அமைதியும் உறைக்கிறது.